கிணற்றுக்கு வைத்த தோடு

ராஜினியின் இரண்டு காதிலும் தோடு இருந்த கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை விடியக்காலையில் இடது காதுத் தோட்டைக் கழற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, நீர் பார்க்கிற ஆண்டியப்பனின் கையில் கொடுத்துவிட்டாள். துவாரம் தூர்ந்துபோகாமல் இருக்க ஒரு வேப்பங்குச்சியை உடைத்துக் காதில் செருகிக்கொண்டாள்.

கிணறு வெட்டுகிற வீட்டுக்காரியின் காதில் குச்சி நிற்பது அவர்களுடைய ஆட்களுக்குள் புதினமில்லை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து, இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய நாளிலிருந்து அப்படித்தான். மண்ணில் முதல் வெட்டு விழும்போது வீட்டுக்காரியின் பொன்னை ஈசான மூலையில் புதைப்பார்கள். முதல் ஊற்றுக் கண்டதும் அதை எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே கழுவி, மறுபடி அவள் காதில் போடுவார்கள். அதுவரைக்கும் குச்சிதான்.

இரணைமடுக் குளம் அவர்களுக்குத் தூரமில்லை. ஆனால் வாய்க்கால் பள்ளத்து வயல்களுக்குத்தான் போகும். மேட்டுக்காணிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பதினைந்து வருடமாக ராஜினி குடிக்கிற தண்ணீருக்கும் குளிக்கிற தண்ணீருக்கும் பக்கத்துக் காணிப் பாலன் வீட்டுக் கிணற்றுக்குத்தான் போய்வந்தாள். பாலன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நல்ல மனுசன்தான், ஒரு நாளும் முகம் சுழித்ததில்லை. "தண்ணிதானே, அள்ளுங்கோ தங்கச்சி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அவர் ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவளுக்கு இன்னும் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதன்கிழமைப் பூசைக்கும் பாலன் வந்திருந்தார். விளக்கு, தேங்காய், மூன்று தேசிக்காய், எழுத்து வெட்டிய செப்புத் தகடு, ஒரு சிவப்புச் சேவல். சேவலை வெட்டுவதில்லை, மூன்று முறை இடத்தைச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். ராஜினி தோட்டைக் கழற்றியபோது பாலன் பக்கத்தில் நின்று, "எங்கட பக்கத்திலை உப்பிடி ஒரு வழக்கம் இல்லை, என்ன?" என்று அதிசயப்பட்டார். பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். மண்ணைக் குத்திப் பெயர்க்கத் தன் வீட்டு அலவாங்கையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்குக் குழி இடுப்பளவுக்கு வந்திருந்தது. ராஜினியின் கணவன் கிருபன் உள்ளே நின்று வெட்ட, ஆண்டியப்பன் மேலே நின்று கூடையை வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பொலிஸ் ஜீப் வேலிக் கடப்படியில் வந்து நின்றது.

சார்ஜன்ட் ஒருவர், கான்ஸ்டபிள்மார் மூன்று பேர். சார்ஜன்ட் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பிரதாபன் என்ற தமிழ்க் கான்ஸ்டபிள் அதைத் தமிழில் சொன்னான்.

"என்ன தோண்டுறீங்கள் எண்டு கேக்கிறார்."

"கிணறு" என்றான் கிருபன்.

சார்ஜன்ட் சிரித்தார். விளக்கைக் காட்டினார், தேசிக்காயைக் காட்டினார், தகட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு பிரதாபன் மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரு சொல்லைச் சொன்னார். புதையல் என்பதற்குச் சிங்களத்தில் என்னவென்று வன்னியில் எல்லாருக்கும் தெரியும். யுத்தம் நடத்திய இயக்கத்தின் தங்கம் அங்கே புதைத்திருக்கு, இங்கே புதைத்திருக்கு என்று எத்தனையோ இடத்தை அரசாங்கமே கனரக இயந்திரம் கொண்டுவந்து கிளறிப் பார்த்திருக்கிறது.

ராஜினி வீட்டுக்குள் ஓடி, கிணறு வெட்டுவதற்குக் கிராம அலுவலர் கொடுத்த கடிதத்தை எடுத்துவந்து நீட்டினாள். சார்ஜன்ட் அதை விரித்துப் பார்த்துவிட்டு, நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொடுத்த கடிதம் திரும்பி வரும் என்று அவள் கையை நீட்டியபடி நின்றாள். அது வரவில்லை.

"குழிக்குள்ளை என்ன இருக்கு?" என்று பிரதாபன் கேட்டான்.

கிருபன் நிமிர்ந்து ஆண்டியப்பனைப் பார்த்தான். ஆண்டியப்பன் ஈசான மூலையைப் பார்த்தார். அந்த இடத்தில்தான் ராஜினிக்கு மூளை வேலை செய்தது, செய்யாமல் இருந்திருக்கலாம். ஒளித்தால்தானே சந்தேகம், உள்ளதை உள்ளபடி காட்டினால் பிரச்சினை அந்த இடத்திலேயே முடியும் என்று நினைத்தாள். பொலிஸ்காரருக்கு உதவி செய்கிற எண்ணத்தோடு பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். ஈசான மூலையைக் கையாலேயே கிளறி, மஞ்சள் முடிச்சை எடுத்து அவிழ்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"சேர், இது என்ர தோடு. பாருங்கோ, மற்றது இந்தா காதிலை கிடக்கு."

சார்ஜன்ட் அவளுடைய காதைப் பார்க்கவில்லை. தோட்டை மட்டும் பார்த்தார். முடிச்சை வாங்கித் தன் உள்ளங்கையில் வைத்தார். ஒரு கான்ஸ்டபிள் அதைத் தன் ஃபோனில் படம் எடுத்தான். பிறகு தோடு போன இடம் தெரியவில்லை. மண்ணுக்குள்ளிருந்து தங்கம் வந்துவிட்டது, வந்ததை அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இனி என்ன வேண்டும்?

கிருபனுக்கும் ஆண்டியப்பனுக்கும் ஒரே விலங்கை ஆளுக்கொரு கையில் மாட்டினார்கள். அலவாங்கு, மண்வெட்டி, கூடை, பூசைத் தட்டு எல்லாம் ஜீப்பில் ஏறின. அன்றைக்குக் கைதானவர்களில் சேவல் ஒன்றுதான் ஓடப் பார்த்தது. அதையும் இரண்டு பேர் துரத்திப் பிடித்தார்கள்.

"ஏன் கொண்டுபோறீங்கள்? என்ன செய்தவர் அவர்?"

"ஒண்டுமில்லை அக்கா" என்றான் பிரதாபன். "விசாரிச்சிட்டு விட்டிடுவம். பின்னேரம் வந்திடுவினம்."

ராஜினி இதை முன்பே கேட்டிருக்கிறாள். யுத்தம் முடிந்த கிழமை, ஒரு சோதனைச் சாவடியில், அவளுடைய அண்ணன் சஜீவனை வரிசையிலிருந்து இழுத்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். விசாரிச்சிட்டு விட்டிடுவம். அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை. அம்மா அதற்குக் காத்திருந்தே கண்ணை மூடினாள்.

ஜீப்பின் புழுதி அடங்கியும் அவள் வேலியைப் பிடித்தபடி நின்றாள். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பிறகு என்னவோ நினைத்தவளாகக் குசினிக்குள் போய் அரிசி வாளியின் அடியில் கையை விட்டாள். மாதர் சங்கத்துக்கு ஒரு சட்டத்தரணிப் பெண் வந்து மூன்று மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போயிருந்தாள். கடைசியில் தின்னக் கொடுக்கிற ரோல்ஸுக்காக ராஜினி அந்தக் கதை முழுவதையும் இருந்து கேட்டாள். ரோல்ஸோடு ஒரு அட்டையும் கொடுத்தார்கள். சுமித்திரா, இலவச சட்ட உதவி, ஒரு ஃபோன் இலக்கம்.

ஃபோனில் சுமித்திரா அவளை அழவிடவில்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

"எத்தினை மணிக்குக் கொண்டுபோனவை?"

"ஒன்பது… ஒன்பதேகாலிருக்கும் மிஸ்."

"அதை முதல்லை ஒரு துண்டிலை எழுதுங்கோ. இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள்ளை நீதவானுக்கு முன்னாலை நிப்பாட்டியே ஆகவேணும். என்ன காரணமெண்டு சொன்னவையோ?"

"விசாரிக்க எண்டவை."

"அது காரணம் இல்லை. பிடிக்கேக்கை காரணம் சொல்லவேணும், அவருக்கு விளங்கிற பாசையிலை. எடுத்துக்கொண்டு போன சாமானுக்குத் துண்டு ஏதும் தந்தவையோ?"

பஸ்ஸில் ரிக்கட் தராவிட்டால் கண்டக்டரோடு சண்டை பிடிக்கிறவள் ராஜினி. காதில் கிடந்த பொன்னைக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுக் கடதாசி கேட்க வாய் வரவில்லை.

பின்னேரம் சுமித்திராவோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனபோது கிருபன் சுவரோரம் மர வாங்கில் உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. மனைவியைக் கண்டதும் எழும்பப் பார்த்தான். ஆண்டியப்பனின் கையும் சேர்ந்து எழும்பியதால் மறுபடி இருந்துவிட்டான்.

"ஏத்துக்கொள்ளச் சொல்லினம் ராஜினி. ஏத்தால் நாளைக்கே தண்டத்தோடை விட்டிடுவினமாம். மறுத்தால் மாசக்கணக்கா இழுபடும் எண்டினம்."

"என்னத்தை ஏக்கிறது? கிணறு வெட்டினதையோ?"

"புதையல் தோண்டினதை."

சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்லத் தெரியாமல் திக்குகிறவன், செய்யாத களவைத் தலையில் போட்டுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறான். ராஜினிக்கு அவன்மேல் கோபம் வந்தது. அடுத்த கணம் அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்துக் கோபம் போனது.

"தமிழிலை வாசிச்சுக் காட்டாத ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதேங்கோ" என்றாள் சுமித்திரா, சார்ஜன்டுக்கும் கேட்கிற மாதிரி. "நாளைக்குக் காலமை ஒன்பதேகாலுக்குள்ளை கோட்டிலை சந்திப்பம்."

ராஜினி ஊருக்குத் திரும்பவில்லை. காலை முதல் பஸ்ஸை நம்ப முடியாது என்று, நகரத்தில் இருக்கிற தங்கை வீட்டில் தங்கிவிட்டாள்.

மறுநாள் ஒன்பதேகாலுக்குப் பத்து நிமிடம் மிச்சமிருக்கும்போது இரண்டு பேரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழக்குக் கூப்பிடும் முன்னர், பிரதாபன் தண்ணீர்க் குழாயடியில் ராஜினியின் பக்கமாக வந்து நின்றான். கையைக் கழுவுகிறவன் மாதிரிக் கதைத்தான்.

"அக்கா, நான் சொன்னனெண்டு சொல்லாதேங்கோ. பொருள் பட்டியலிலை உங்கட தோடு இல்லை. தங்கம் இல்லையெண்டால் வழக்கு லேசு. நீங்கள் வாயைத் திறந்தியளோ, அது குழிக்குள்ளை எடுத்த தங்கமாப் போயிடும். பதினாலு நாள் உள்ளுக்கை. அந்தக் குச்சியையும் கழட்டி விடுங்கோ. ஆக்கள் பாத்தால் கேப்பினம்."

அவன் கையை உதறிவிட்டுப் போனான். ராஜினி தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். தோடு பட்டியலில் இல்லை. அப்படியென்றால் அது எங்கே? தெருவில் போகிற கள்ளன் எடுத்திருந்தால் பொலிஸுக்குப் போகலாம். இப்போது எங்கே போவது? அவள் மெதுவாகக் குச்சியை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

சுமித்திராவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சுமித்திரா தன் ஃபோனைத் திறந்து காட்டினாள். ஏதோ ஒரு செய்தித் தளம். 'பூசை நடத்திப் புதையல் தோண்டிய இருவர் கைது. பெறுமதியான தங்கம் மீட்பு.' கீழே படம். அவளுடைய பூசைத் தட்டு. அவளுடைய மஞ்சள் துணி. யாரோ ஒருவருடைய காக்கிச் சட்டைக் கை, அந்தக் கையில் அவளுடைய தோடு. நாலாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

"பட்டியலிலை இல்லாத தங்கம் செய்தியிலை இருக்கு" என்றாள் சுமித்திரா. "சொன்னால் பாரதூரமாப் போகலாம், மறைக்கமாட்டன். சொல்லாட்டி அவர் இண்டைக்கே வருவார். ஆனால் புதையல் எடுத்தவன் எண்டுதான் வருவார். உங்கட தோடு, உங்கட மனுசன். நீங்கள்தான் சொல்லவேணும்."

ராஜினி முடிவு எடுத்துவிட்டாள். தோடு போனால் போகட்டும், ஆள் வரட்டும். அண்ணன் வராத வீட்டில் வளர்ந்தவளுக்கு வேறு முடிவு எப்படி வரும்?

உள்ளே, நீதிமன்ற உத்தியோகத்தர் பட்டியலை வாசித்தார். அலவாங்கு ஒன்று, மண்வெட்டி இரண்டு, கூடை இரண்டு, விளக்கு ஒன்று, தேங்காய் ஒன்று, தேசிக்காய் மூன்று, செப்புத் தகடு ஒன்று, சேவல் ஒன்று.

"சேவல் எங்கே?" என்று நீதவான் கேட்டார்.

சார்ஜன்ட் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தார். சேவல் இரவு செத்துப்போனதாகப் பிரதாபன் தமிழில் சொன்னான். பின்வரிசையில் ஒருவர் சிரித்து, அடக்கிக்கொண்டார்.

நீதவான் கூண்டுப் பக்கம் திரும்பினார். "நீர் புதையல் தோண்டியதாகச் சொல்லப்படுகிறது. குற்றத்தை ஏற்றுக்கொள்கிறீரா?"

சுமித்திரா எழும்ப முதலே கிருபன் வாயைத் திறந்துவிட்டான். கண் சார்ஜன்ட்டில் இருந்தது. "ஓம் ஐயா, ஏத்துக்—"

"ஐயா, என்ர தோடு எங்கை?"

யார் கத்தியது என்று ராஜினிக்கே முதலில் விளங்கவில்லை. எழும்பி நிற்பது தான்தான் என்பதும், மண்டபம் முழுவதும் தன்னைத்தான் பார்க்கிறது என்பதும் பிறகுதான் தெரிந்தது. முடிவெடுத்ததெல்லாம் எங்கே போனதோ. அவன் தன் வாயால் தன்னைக் கள்ளன் என்று சொல்லுவதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவர் ஒண்டும் எடுக்கேல்லை ஐயா. நான்தான் புதைச்சனான். கிணறு வெட்டினால் வீட்டுக்காரியின்ர தோட்டைப் புதைக்கிறது எங்கட வழக்கம். நான்தான் எடுத்து இந்தச் சார்ஜன்டின்ர கையிலை குடுத்தனான். பட்டியலிலை இல்லை எண்டால் அது எங்கை?" கைக்குள் இருந்த குச்சியை நீட்டினாள். அது கை தவறிக் கீழே விழுந்தது.

அப்படி ஒரு பொருள் தன்னிடம் இல்லை என்றார் சார்ஜன்ட். சுமித்திரா தன் ஃபோனை நீட்டினாள். நீதவான் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சார்ஜன்டைப் பார்த்தார்.

"இது யாருடைய கை?"

எழுத விடுபட்டுவிட்டது, தோடு நிலையத்தில் இருக்கும் என்று சார்ஜன்டிடமிருந்து மெல்லப் பதில் வந்தது.

"அரை மணித்தியாலத்தில் இங்கே இருக்கவேண்டும்."

இருபது நிமிடத்தில் இருந்தது. நீதவான் ராஜினியைக் கிட்ட வரச் சொல்லி, உறைக்குள் இருந்த தோட்டையும் அவள் வலது காதில் இருந்ததையும் மாறிமாறிப் பார்த்தார். அதே ஐந்து சிவப்புக் கல். பின்புறத்தில் அதே கடை முத்திரை.

"முத்திரை குத்திய புதையலை நான் இப்போதுதான் பார்க்கிறேன்" என்றார். கிராம அலுவலரின் கடிதமும் சார்ஜன்டின் பையிலிருந்து, நாலு மடிப்போடு, வெளியே வந்தது.

இரண்டு பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சார்ஜன்டைப் பற்றி மேலதிகாரி விசாரிக்கவேண்டும் என்று கட்டளை. அந்த விசாரணை முடியும்வரை தோடு நீதிமன்றப் பொறுப்பில் இருக்கும். ராஜினி அதைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. வாசலில் கிருபன் அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நான் ஏத்திருப்பன்" என்றான். "தெரியும்" என்றாள் அவள். ஆண்டியப்பன் மணிக்கட்டைத் தடவியபடி, "தண்ணி இருக்கு புள்ள, எனக்குத் தெரியும். நாளைக்கே வெட்டுவம்" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். வயிறு நிறையத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்கள். முந்தின நாள் பின்னேரமே வந்திருக்கவேண்டியவனை இன்றைக்காவது வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கடப்படியில் வந்ததும் கிருபன்தான் முதலில் நின்றான்.

முற்றம் இல்லை. முற்றம் இருந்த இடம் முழுவதும் குழி. வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டிலடியில், மரவள்ளிப் பாத்தியில், எங்கே பார்த்தாலும் குழி. மண் குவியலாய் மண் குவியலாய்க் கிடந்தது. குசினி அடுப்பைக்கூடப் பெயர்த்து அதற்குக் கீழேயும் பார்த்திருந்தார்கள். அவர்கள் வெட்டிய கிணறு ஆளை மூடுகிற ஆழத்துக்குப் போயிருந்தது, நாலா பக்கமும் கோணலாக. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆண்டியப்பன் மண்ணில் குந்திவிட்டார்.

குழிக்குள்ளிருந்து மண் வந்து விழும் சத்தம் கேட்டது. ராஜினி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். உள்ளே பாலன் நின்றார். மேலெல்லாம் மண். பூசையன்றைக்குப் பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்ட பாலன். அவள் தோட்டைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்த பாலன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வெட்கமோ பயமோ அந்த முகத்தில் இல்லை. கிருபனை எப்படி விட்டார்கள் என்றும் கேட்கவில்லை.

"வந்திட்டியளோ தங்கச்சி? ஊரே ஃபோனிலை பாத்திட்டு வந்து கிண்டிக்கொண்டு போகுது. நான் என்ன செய்ய?" பின் குரலைத் தாழ்த்தினார். "என்னோடை மறைக்காதேங்கோ. எத்தினை அடியிலை எடுத்தனீங்கள்?"

நீதிமன்றத்தில் அத்தனை பேருக்கு முன்னால் வந்த வாய் அவளுக்கு இப்போது வரவில்லை. இடது காதைத் தொட்டாள். குச்சியும் இல்லை, தோடும் இல்லை. வெறும் துவாரம். அதை அவர் பார்க்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக் காட்டியபடி நின்றாள். நாளைக்குக் காலை தண்ணீருக்கு இவர் வீட்டுக்குத்தான் வாளியோடு போகவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

பாலன் அவள் காதைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைப் பிடித்தபடி, அவள் சொல்லப்போகும் அடிக்கணக்குக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.